நாசித் தொண்டைப் புற்றுநோய்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் இலக்கணமும் இலக்கியமும் பயிலும் ஒருவன் மருத்துவப் பொருளொன்றைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எனினும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை ஓதுங்கால் எழுந்ததோர் ஐயமே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. நிலங்களுக்குரிய கருப்பொருள்களை எண்ணத் தொடங்கிய ஆசிரியர், தெய்வத்தை அடுத்து உணவையே வைத்தார். ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய உணவொன்று உண்டெனின், அந்நிலத்துக்கும் அவ்வுணவுக்கும் உரியதாய் நோயொன்றும் இருத்தல் கூடுமோ? கூடும் என்பதற்கு நாசித் தொண்டைப் புற்றுநோய் தக்கதொரு சான்றாகும்.

நாசித் தொண்டை என்பது மூக்கின் உட்புழைகள் முடியுமிடத்தில், அண்ணத்தின் மென்பகுதிக்கு மேலே அமைந்துள்ள சிற்றறை. நடுச்செவியினின்று வரும் குழல்கள் இரண்டும் அதன் இருமருங்கிலும் வந்து திறக்கின்றன. அக்குழல்வாயின் பின்னுள்ள சிறு குழியிலேதான் இந்நோய் பெரும்பாலும் முளைக்கின்றது. நாமே வாயைத் திறந்து கண்ணாடியில் நோக்கினும் காணவியலாத மறைவிடம் அது. ஒரு செவி அடைத்தல், சளியிற் குருதிக் கறை, கழுத்தில் நோவற்றதொரு கட்டி ஆகியனவே அடையாளங்கள். இவற்றைத் தடுமனென்று எண்ணி நாட்கழிப்போர் பலர். கட்டி கண்டு மருத்துவரை நாடும் வேளையிலே நோய் வேரூன்றி விடுகின்றது.

2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 1,33,000 பேர் இந்நோயுற்றனரென்றும், 80,000 பேர் இறந்தனரென்றும் கணக்கிட்டுள்ளனர். நுரையீரற் புற்று அதே ஆண்டில் 22 இலட்சம் பேரைப் பற்றியது. அதனோடு ஒப்பிட இது சிறுதொகையே. ஆயின் இத்தொகை உலகிற் பரந்து கிடக்கும் வகைதான் வியப்புக்குரியது. நோயுற்றாருள் பத்தில் எழுவருக்கு மேற்பட்டோர் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழ்வோர். ஐரோப்பாவில் ஆண்டொன்றுக்கு இலட்சம் பேருள் ஒருவர்க்கேனும் இது வருவதில்லை. தென்சீனத்துக் குவாங்டுங் மாகாணத்திற் சில வட்டாரங்களிலோ, ஆடவர் இலட்சம் பேருள் 20 முதல் 30 பேர் வரை இதற்கு இரையாயினர். ஆகலின் சீனத்தார் இதனைக் 'குவாங்டுங் நோய்' என்றே வழங்கினர். சீனத்தின் வடபாலார்க்கு இஃது அரிய நோய்.

எங்கும் மகளிரினும் ஆடவர்க்கே இருமடங்கு, மும்மடங்காக வருகின்றது. அதனினும் கருதத்தக்கது வயதுக் கணக்கு. புற்றுநோய்களுட் பல முதுமை ஏற ஏறப் பெருகுவன. இதுவோ தென்சீனத்தில் 50 வயதையடுத்து உச்சியை எட்டி, அதன்பின் தாழ்கின்றது. ஆயுள் முழுதும் சிறிது சிறிதாகச் சேரும் நஞ்சினால் வருவதாயின் முதியோரிடையன்றோ மிகுதல் வேண்டும்? இளமையிலேயே ஏதோவொன்று வித்திட்டுச் சென்றதென்று ஆராய்ச்சியாளர் ஐயுற்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இந்நோய் குருதிவழி வருவதா, வழக்கத்தின்வழி வருவதா என்னும் வினா எழுகின்றது. குருதியின் பங்கை மறுத்தல் இயலாது. நோயுற்றாரின் உடன்பிறந்தார்க்கும் மக்கட்கும் ஏனையோரினும் பன்மடங்கு அச்சம் உண்டு. சிங்கப்பூரில் ஒரே நகரில் வாழும் சீனருள்ளும், ஹொக்கியன், தியோச்சியு மொழியினரைக் காட்டிலும் காண்டன் மொழியினர்க்கே இது மிகுதி. அந்நகரத்து மலாய் மக்கள் இடைநிலையினர். அங்கேயே வாழும் நம் இந்தியர்க்கோ மிகக் குறைவு. உடலணுக்களின் அடையாளப் பொருள்கள் சிலவற்றுக்கும் இந்நோய்க்கும் தொடர்புண்மையை 1970களில் அச்சிங்கப்பூரிலேயே முதற்கண் கண்டனர்.

இவ்வளவோடு நின்றிருப்பின், "இஃது அக்குலத்தாரின் ஊழ்" என்று கூறி உலகம் வாளா இருந்திருக்கும். ஒரு மக்களினத்தின்மேல் நோயை ஏற்றிச் சொல்லுதல் எளிது, ஆராய்தலே அரிது. அமெரிக்காவிற் குடியேறிய சீனரை ஆராய்ந்தபோது, அந்நாட்டிலே பிறந்தோர்க்குச் சீனத்திற் பிறந்தோரினும் நோய் குறைந்திருந்தது. ஆயினும் வெள்ளையரினும் மிகுந்தே இருந்தது. குருதி ஒன்றே, இடம் மாற நோயும் தளர்ந்தது. ஹாங்காங்கிலோ படகுகளையே வீடாகக் கொண்டு மீன்பிடித்து வாழ்ந்த தாங்கா மக்களுக்கு, கரைவாழ் காண்டனியரினும் ஏறத்தாழ இருமடங்கு நோய் காணப்பட்டது. கடலிலே மிதந்த அக்குடும்பங்கள் உண்டது யாது?

இவ்வினாவை எழுப்பியவர் ஹாங்காங்கிற் கதிர்மருத்துவம் புரிந்த ஜான் ஹோ என்பவர். உப்பிட்ட மீனின்மேல் அவர் ஐயங்கொண்டார். தென்சீனத்தில் பால்மறக்கும் குழவிக்குக் குழைந்த சோற்றோடு உப்புமீனைச் சேர்த்து ஊட்டுவது வழக்கம். கைப்பொருள் குறைந்த வீட்டிலும் கிடைக்கும் சுவைப்பொருள் அதுவே. 1986இல் ஹாங்காங்கில் நடந்த ஓர் ஆராய்ச்சியில், 35 வயதுக்குட்பட்ட நோயாளர் 250 பேரையும் நோயற்ற அவர்தம் நண்பர் 250 பேரையும் எடுத்துக்கொண்டு, இளமையில் என்ன உண்டனரென்று வினவினர். அன்னையரையும் தேடிச் சென்று கேட்டனர். பத்து வயதில் வாரமொருமுறையேனும் உப்புமீன் உண்டோர்க்கு, திங்களுக்கொருமுறைகூட உண்ணாதாரினும் 37 மடங்குக்கு மேற்பட்ட அச்சம் இருந்தது. இளையோர்க்கு வந்த நோயில் 90 விழுக்காட்டுக்கு மேல் சிறுவயதில் உண்ட இவ்வுணவாலேயே வந்ததென அவர்கள் கணித்தனர். வளர்ந்த மகனின் நோயைக் கேட்க வந்தவரிடம், தாம் அன்போடு ஊட்டிய கவளத்தைப் பற்றி விடை கூறிய அத்தாயரை எண்ணுந்தோறும் என் நெஞ்சம் நெகிழ்கின்றது. அவர்மேற் குற்றம் என்னை? அறியாது செய்தனர், அவர்க்கு அறிவிப்பாரும் இலர்.

1993இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் சீன முறையில் உப்பிட்ட மீனை மனிதர்க்குப் புற்றுநோய் தருவதென ஐயமற உறுதிப்பட்ட பொருள்களோடு சேர்த்தது. இதனைப் படித்தவுடன் நம்மவர், "அங்ஙனமாயின் நம் கருவாடு?" என வினவுவர். கருவாட்டுக் குழம்பைக் கண்டால் கைநிற்காத யானும் அவ்வாறே அஞ்சினேன். அந்நிறுவனம் ஏனைய உப்புமீன் வகைகளை அவ்வரிசையிற் சேர்க்கவில்லை. தீர்ப்புக் கூறுதற்குப் போதிய சான்றில்லாதனவாக வைத்தது. சீன முறையின் ஒரு வகையில், மீனை உப்பிடுமுன் தசை மெலிந்து நொறுங்குமளவுக்கு ஊறவிடுவர். பின் வெயிலிற் காயவைப்பர். அந்நிலையில் நைட்ரசமீன் என்னும் நச்சுப் பொருள்கள் அதில் உண்டாகின்றன. அம்மீனை உண்ட எலிகளுக்கு மூக்கறையிற் புற்று எழுந்ததும் காணப்பட்டது.

எனினும் மீன் ஒன்றே முழுக்காரணம் அன்று. 1964இல் எப்ஸ்டீன், அச்சோங், பார் என்னும் மூவர், ஆப்பிரிக்கச் சிறார்க்கு வரும் கட்டியொன்றில் புதியதொரு வைரஸைக் கண்டனர். ஈராண்டு கழித்து, நாசித் தொண்டைப் புற்றுடையார் குருதியிலும் அவ்வைரஸின் சுவடு தென்பட்டது. ஆனால் உலகில் வளர்ந்தோருள் பத்தில் ஒன்பதின்மர்க்கு மேல் அதனை வாழ்நாள் முழுதும் தம் உடலிற் சுமக்கின்றனர்; பெரும்பாலார்க்கு அதனாற் கேடில்லை. எங்குமுள்ள கிருமி சிலவிடத்தே மட்டும் கொடியதாவது எங்ஙனம்? 2019இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று, தென்சீனத்தில் வழங்கும் அவ்வைரஸின் சில வகைகளே தீமை மிக்கனவென்று காட்டியது. மேலும், அண்மையில் அங்கே நடந்த உணவாராய்ச்சியில், வளர்ந்தோர்க்கு உப்புமீனோடுள்ள தொடர்பு பண்டுபோல் வலிதாக இல்லை. முன்னோர் உண்ட அளவை இன்றையோர் உண்பதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம் என்பது என் கருத்து. குருதி, உணவு, கிருமி மூன்றும் ஒருங்கு கூடிய இடத்திலேயே நோய் செழிக்கின்றது.

தென்சீனத்துக்கு அப்பாலும் இந்நோய் மிக்க இடங்கள் உள. உறைபனி நாடாகிய கிரீன்லாந்தின் பழங்குடியினர், சாரவாக்கின் பிடாயூ மக்கள், துனிசியா, அல்சீரியா, மொராக்கோ நாட்டார், நம் நாட்டில் நாகாலாந்து மக்கள் ஆகியோர் அவ்வகையினர். வட ஆப்பிரிக்காவில் உப்பிட்டு உலர்த்திய இறைச்சியையும் நாட்பட்ட வெண்ணெயையும், நாகாலாந்தில் புகையிலிட்ட இறைச்சியையும் காற்றோட்டமற்ற வீடுகளில் நிறையும் அடுப்புப் புகையையும் ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். இந்தியாவின் ஏனைய பகுதிகளில் இந்நோய் அரிது.

ஹாங்காங்கில் 1980 முதல் 1999 வரை இந்நோயின் வீதம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது. குலம் மாறவில்லை, வாழ்க்கைமுறை மாறியது. தொடக்கத்திற் கண்டால் கதிர்மருத்துவத்தாற் பெரும்பாலும் தீரும் நோய் இது. ஆகவே மறைந்திருப்பதைக் காணும் வழியையும் அங்குள்ளோர் தேடினர். 40 முதல் 62 வயது வரையுள்ள, நோய்க்குறி ஏதுமற்ற 20,174 சீன ஆடவரின் குருதியில் அவ்வைரஸின் மரபுப் பொருள் உண்டோவென ஆராய்ந்து, இருமுறை தென்பட்டோரை மட்டும் உள்நோக்குக் கருவியாற் பார்த்தனர். 2017இல் அதன் முடிவு வெளிவந்தது. 34 பேரிடம் நோய் கண்டறியப்பட்டது. முன்னாளில் நோயாளருள் பத்தில் இருவரே தொடக்க நிலையில் மருத்துவரிடம் வந்து சேர்ந்தனர். இவர்களுள் பத்தில் எழுவர் அந்நிலையினர்.