முந்திரிக்குத் திசு வளர்ப்புக் கன்று கிடைக்குமா?

கேள்வி: ஆரணியில் பட்டு நெய்கிறோம். ஊருக்கு வெளியே கொஞ்சம் செம்மண் நிலம் இருக்கிறது. வாழையைப் போல முந்திரியிலும் திசு வளர்ப்புக் கன்று வாங்கி நடலாமா?

பதில்: அப்படிச் சொல்லி யாராவது விற்க வந்தால் பணத்தை எடுக்காதீர்கள். வாழையில் கிழங்கின் குருத்தை எடுத்துக் குப்பியில் வைத்தால் பல்கிப் பெருகும். முந்திரி அப்படியல்ல. வளர்ந்த மரத்தின் கொழுந்தை வெட்டியதும் பீனால் என்னும் வேதிப்பொருள் கசிந்து கருத்துப்போகும். உள்ளே ஒளிந்திருக்கும் பூஞ்சை குப்பிக்குள் கிளம்பும். தப்பிய தளிரும் லேசில் வேர்விடாது. கொட்டையில் முளைத்த நாற்றின் தளிர் ஓரளவு ஒத்துழைக்கும். ஆனால் அந்த நாற்று காய்க்குமா, ஏமாற்றுமா என்று யாருக்குத் தெரியும்? நன்றாகக் காய்த்த மரத்தை நகலெடுப்பதற்குத்தானே இத்தனை பாடும்!

அந்த வேலையை இளந்தண்டு ஒட்டு குறைந்த செலவில் செய்துவிடுகிறது. ஏறக்குறைய இரண்டு மாத நாற்றின் மேல், தேர்ந்த தாய்மரத்தின் குச்சியை ஆப்புபோல் சீவிச் செருகிக் கட்டுவார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் 1991இல் வெளியிட்ட வி.ஆர்.ஐ. 3 ரகத்தைக் கேளுங்கள். 7 மீட்டர் இடைவெளி விடுங்கள். மரம் படரும்வரை நடுவில் உங்கள் ஊர் வேர்க்கடலையே போடலாம். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனுக்குடன் கிள்ளிவிடுங்கள்.