ஆராய்ச்சி மானியமும் நம் ஊர் வயலும்

2022-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் கிராம சபை கூடியிருந்தது. வரவு செலவுக் கணக்கும் குடிநீர்க் குழாய்ப் பணியும் பேசி முடிந்தபின், வெளியூரிலிருந்து வந்திருந்த இரண்டு இளைஞர்கள் எழுந்து பேச அனுமதி கேட்டனர். தாங்கள் ஒரு சிறு தொழில் நிறுவனம் தொடங்கியிருப்பதாகவும், நிலக்கடலை இலையைக் கைப்பேசியால் படம் பிடித்தால் அதில் கண்டிருப்பது என்ன நோய் என்று உடனே கூறும் கருவியொன்றை உருவாக்கி வருவதாகவும், அதற்கு அரசாங்கத்தின் ஆராய்ச்சி மானியம் கிடைத்திருப்பதாகவும் கூறினர். பின்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, மானியம் எங்களுக்கா, உங்களுக்கா?” என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கேள்வியை அன்றே சற்று ஆராய்ந்திருந்தால் பின்னர் நேர்ந்த ஒரு நட்டத்தைத் தவிர்த்திருக்கலாம் என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தேன்.

மானியம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது உர மானியமும் சொட்டுநீர்ப் பாசன மானியமுமே. பொருளின் விலையில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக் கொள்வது அவ்வகை. ஆராய்ச்சி மானியமோ பொருளுக்காகத் தரப்படுவதன்று, முயற்சிக்காகத் தரப்படுவது. பலிக்குமோ பலிக்காதோ என்ற ஐயமுள்ள ஒரு காரியத்திற்கு வங்கி கடன் கொடாது. பெரிய கம்பெனிகளோ தங்களுக்கு ஆதாயம் தரும் பயிர்களையே நாடும். இடையில் நிற்கும் சிறு நிறுவனம் தன் யோசனையைச் சோதித்துப் பார்ப்பதற்குரிய செலவை அரசு ஏற்கிறது. முயற்சி நேர்மையாகச் செய்யப்பட்டுத் தோற்றுப் போனால், செலவான தொகை கடனாகத் திரும்பக் கேட்கப்படுவதில்லை. செலவுக் கணக்கை மாத்திரம் ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும்.

இத்தகைய உதவிக்கு முன்மாதிரியாகக் காட்டப்படுவது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஏற்பாடு. அங்கே தேசிய விஞ்ஞான அறக்கட்டளையில் பணியாற்றிய ரோலண்ட் டிபெட்ஸ் என்பவர் 1977-ஆம் ஆண்டை ஒட்டி இதனைத் தொடங்கி வைத்தார். 1982-ஆம் ஆண்டில் அது நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணி வழங்குவதற்கு ஆண்டுக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவிடும் ஒவ்வொரு மத்திய அரசுத் துறையும் அதில் ஒரு பங்கைச் சிறு நிறுவனங்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் சாரம். தொடக்கத்தில் மிகச் சிறிதாக இருந்த அப்பங்கு 2017-ஆம் ஆண்டில் 100-க்கு 3.2 என்னும் அளவை எட்டியது. முதற் கட்டத்தில் இக்காரியம் இயலுமா என்று பார்க்கச் சிறு தொகையும், இயலும் என்று தெரிந்தால் இரண்டாங் கட்டத்தில் செய்து முடிக்கப் பெருந் தொகையும் வழங்கப்பட்டன. விற்பனைக்குரிய மூன்றாங் கட்டத்திற்கு இந்த ஒதுக்கீட்டிலிருந்து பணம் கிடையாது. அச்சட்டம் நிரந்தரமானதன்று, தவணை தவணையாக நீட்டிக்கப்பட்டு வந்தது. 2022-ஆம் ஆண்டின் நீட்டிப்பு 2025 செப்டம்பர் 30 வரைக்குமானது.

செயற்கை நுண்ணறிவு நேற்றுப் பிறந்தது என்று எண்ணுவோர் ஒரு செய்தியை அறிய வேண்டும். கேரி ஹென்ட்ரிக்ஸ் என்பவர் 1982-ஆம் ஆண்டிலேயே அவ்வறக்கட்டளையின் உதவித் தொகையைக் கொண்டு ஒரு சிறு நிறுவனம் தொடங்கினார். மக்கள் சாதாரண ஆங்கிலத்தில் கேட்கும் கேள்வியைக் கணிப்பொறி புரிந்துகொண்டு, தன்னிடமுள்ள விவரங்களிலிருந்து விடையளிக்கச் செய்வதே அவர் எடுத்துக்கொண்ட வேலை. அந்நிறுவனமே சிமாண்டெக். பின்னாளில் அது கணிப்பொறிகளைத் தாக்கும் வைரஸ்களைத் தடுக்கும் சாதனத்திற்குத்தான் உலகப் புகழ் பெற்றது. விதைத்தது ஒன்று, விளைந்தது மற்றொன்று. ஆராய்ச்சியில் இது வழக்கம்.

நம் நாட்டில் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-ஆம் ஆண்டில் சிறு தொழில்களுக்கென இதுபோன்ற ஆராய்ச்சி உதவியைத் தொடங்கியது. வேளாண்மையைப் பொறுத்தவரை நாம் கருத்தில் கொள்ள வேண்டியது, ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் கீழ் 2018-19-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட வேளாண் தொழில் முனைவோர் திட்டம். அத்திட்ட விதிகளின்படி, யோசனை அளவில் இருக்கும் முயற்சிக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலும், செய்து காட்டக்கூடிய நிலையை அடைந்த முயற்சிக்கு 25 லட்சம் ரூபாய் வரையிலும் உதவி உண்டு. முன்னதில் 10-இல் 1 பங்கும், பின்னதில் 100-க்கு 15 பங்கும் தொழில் தொடங்குபவர் தம் கையிலிருந்து போட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பணம் தேர்வுக் குழுவின் ஆய்வுக்குப் பின், இதற்கென அமைந்த தொழில் வளர்ப்பு மையங்களின் வழியே தவணைகளாக வரும். கோயமுத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் இம்மையங்களுள் ஒன்று உள்ளது. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் நிறுவனம் நடத்தும் டான்சீட் திட்டமும் உண்டு. அதன் அண்மைச் சுற்றுகளில் 10 லட்சம் ரூபாய் வரை வழங்கி, நிறுவனத்தில் 3 சதவீதப் பங்கை அரசு பெற்றுக்கொண்டது. ஊரக வாழ்வு சார்ந்த முயற்சிகளுக்கும் மகளிர் நடத்தும் நிறுவனங்களுக்கும் 15 லட்சம் வரை.

இனி, இந்தப் பணம் எதற்கு என்பதைப் பார்ப்போம். நிலக்கடலை இலையைப் பார்த்து நோயைச் சொல்லும் கருவிக்குத் தாவர சாஸ்திரம் எதுவும் தெரியாது. பல்லாயிரம் படங்களைக் காட்டி, இது டிக்கா இலைப்புள்ளி, இது துரு, இது நல்ல இலை என்று வல்லுநர் ஒருவர் குறித்துக் கொடுக்க வேண்டும். அவற்றிலுள்ள ஒற்றுமை வேற்றுமைகளைக் கணிப்பொறி கணக்கிட்டு வைத்துக்கொண்டு, புதிய படம் வந்தால் அது எதனோடு ஒத்துப் போகிறது என்று மதிப்பிடுகிறது. ஆகவே, காட்டாத ஒன்றை அது அறியாது. எதைக் காட்டினோமோ அதனுள் எதையாவது ஒன்றைத்தான் அது விடையாகச் சொல்லும்.

இதற்கு ஒரு சான்று உண்டு. 2016-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், 14 பயிர்களின் 26 நோய்களைக் காட்டும் 54,306 இலைப் படங்களைக் கொண்டு கணிப்பொறிக்குப் பயிற்சி அளித்தார்கள். அதே தொகுப்பில் பயிற்சிக்குக் காட்டாமல் எடுத்து வைத்திருந்த படங்களைக் கொண்டு சோதித்தபோது, 100-க்கு 99.35 சரியாகச் சொல்லிற்று. வேறு சூழ்நிலைகளில் எடுக்கப்பட்ட படங்களைக் காட்டியதும் அது 31 அளவுக்கு வீழ்ந்தது. தொகுப்பிலிருந்தவை இலையைத் தனியே கிள்ளி, ஒரே நிறப் பின்னணியில் வைத்து எடுத்த படங்கள். வயலில் இலை அப்படியா இருக்கிறது? தூசியும் நிழலும் பூச்சிக் கடியும் சேர்ந்தல்லவா இருக்கிறது! மேலும் அந்த 14 பயிர்களில் நெல்லும் இல்லை, நிலக்கடலையும் இல்லை. நம் பயிருக்கு நம் வயலில்தான் படம் எடுக்க வேண்டும். மானியப் பணம் பெற்ற நிறுவனம் நம் ஊருக்கு வருவதன் காரணம் இதுவே. அவர்கள் ஆராய்ச்சியின் மூலப்பொருள் நம்மிடம் இருக்கிறது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். அவ்விளைஞர்களுக்கு நான் அன்றே எழுத்து மூலம் அனுமதி வழங்கினேன். கேட்க வேண்டிய எதையும் கேட்கவில்லை. மார்கழிப் பட்டத்தில் அவர்கள் பலமுறை வந்து படமெடுத்தனர். நல்ல உழைப்பாளிகள். ஆனால் வண்டி போகும் பாதை ஏரிக்கரையோடு நின்றுவிடுமாதலால், சாலையோரச் செம்மண் நிலங்களிலேயே வேலை முடிந்தது. மடைக்கு அப்பால், வாய்க்கால் வரப்பில் வெகுதூரம் நடந்து போக வேண்டிய கடைமடை வயல்களுக்கு அவர்கள் செல்லவில்லை. அங்குள்ள மண் வேறு. சுண்ணாம்புச் சத்து மிகுந்தது.

அடுத்த ஆண்டு, அதாவது 2023-24 மார்கழிப் பட்டத்தில், கருவி சோதனைக்காக விவசாயிகளின் கைப்பேசிகளில் ஏற்றப்பட்டது. கடைமடையில் முக்கால் ஏக்கர் கடலை வைத்திருந்தவர், இளந்தளிர்கள் வெளிறி மஞ்சளாவதைக் கண்டு படம் பிடித்தார். கருவி அதை ஒரு பூஞ்சண நோய் என்றது. அவர் கடன் வாங்கி மருந்து தெளித்தார், குணம் காணவில்லை, மறுமுறையும் தெளித்தார். மூன்றாவது வாரம் உதவி வேளாண்மை அலுவலர் அவ்வழியே வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. நரம்புகள் பச்சையாக இருக்க, இடைப்பகுதி மாத்திரம் வெளுப்பது இரும்புச் சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணில் இது சகஜம். அன்னபேதிக் கரைசல் தெளித்ததும் பயிர் நிறம் திரும்பியது. இரண்டு முறை வாங்கிய மருந்துச் செலவு திரும்பவில்லை. அவர்தான் கிராம சபையில் அந்தக் கேள்வியைக் கேட்ட பெரியவர்.

நிறுவனத்தாரிடம் பேசினேன். அவர்கள் வருந்தினர். ஆயினும் தங்கள் மானியத்தின் செலவுத் தலைப்புகளில் விவசாயியின் நட்டத்திற்கென ஒரு காசும் குறிக்கப்படவில்லை என்றனர். நான் விசாரித்த அளவில் அது உண்மைதான். முயற்சி தோற்கலாம் என்பதை ஒப்புக்கொண்டே அரசு நிறுவனத்திற்குப் பணம் தருகிறது. அத்தோல்வி விவசாயியின் வயலில் நேரும்போது மட்டும் அது அவர் தலையில் விடிகிறது. இம்முரண்பாட்டைத் தீர்ப்பதற்கு விதிகள் மாற வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை பஞ்சாயத்து செய்யக்கூடியது, அனுமதி தரும் முன்னர் நிபந்தனை கூறுவது.

2024-25 பட்டத்திற்கு அதே நிறுவனத்தார் மீண்டும் வந்தபோது பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் அவர்களோடு உட்கார்ந்து ஒரு பக்கத்தில் உடன்பாடு எழுதினோம். வழக்கறிஞர் எவரும் தேவைப்படவில்லை. எந்தெந்த வயல்களில் படமெடுக்க வேண்டும் என்பதைக் கிராமப் படத்தைப் பார்த்து நாங்களே குறித்தோம். தலைமடை, நடுமடை, கடைமடை மூன்றும் அதில் வந்தன. கருவி சொல்வதை நம்பி மருந்து தெளிப்பதானால் சோதனைக்கென அளந்துவிட்ட 5 சென்டில் மாத்திரமே தெளிக்க வேண்டும். அதன் மருந்துச் செலவு நிறுவனத்தினுடையது. மற்ற நிலத்திற்கு வேளாண்மை அலுவலர் சொல்வதே முடிவு. இலையை மேற்புறமாக மட்டும் எடுக்காமல் திருப்பியும் எடுக்க வேண்டும் என்பதைச் சேர்க்கச் சொன்னவர் ஒரு பெண் விவசாயி. துரு நோயின் கொப்புளங்கள் இலையின் அடியில்தான் முதலில் தெரியும் என்பதை அந்த அம்மாள் சொல்ல, படித்த இளைஞர்கள் குறித்துக்கொண்டார்கள்.

மற்றொன்று பெயரையும் கைப்பேசி எண்ணையும் பற்றியது. இலையின் படம் இலையின் படமே. அதனோடு விவசாயியின் பெயர், எண், சர்வே எண், மகசூல் ஆகியவை சேர்ந்துவிட்டால் அது அவரைப் பற்றிய விவரமாகிவிடுகிறது. மருந்துக் கடைக்கும் கடன் கொடுப்போருக்கும் அதன் மதிப்புத் தெரியும். 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய விவரத்தை எதற்காகப் பெறுகிறோம் என்று தெரிவித்து இசைவு பெற வேண்டும் என்கிறது. இசைவைத் திரும்பப் பெறவும் இடமளிக்கிறது. இசைவுக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள ஒரு மொழியிலோ படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் கூறுகிறது. அவ்வட்டவணையில் தமிழும் உண்டு. இச்சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைக்கப்பட்டுள்ளது. ஆனால் தமிழில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதற்கு எந்தத் தேதிக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் உடன்பாட்டில் பெயர்களை நீக்கிவிட்டு வயல்களுக்கு வெறும் எண்களே கொடுத்தோம்.

இவ்வளவு நிபந்தனை போட்டால் நிறுவனங்கள் ஓடிவிடுமே என்று சக அலுவலர் ஒருவர் என்னிடம் கேட்டார். எங்கள் அனுபவம் வேறு. கடைமடைப் படங்கள் சேர்ந்தபின் இரும்புக் குறைவைத் தனியாகக் காட்டக் கருவி கற்றுக்கொண்டது. இன்னது என்று துணிய முடியாத படங்களுக்குத் ‘தெரியவில்லை, அலுவலரைக் கேளுங்கள்’ என்று சொல்லும்படியும் அதனை மாற்றியமைத்தனர். என் மதிப்பில், அக்கருவி அடைந்த முன்னேற்றங்களில் தலையாயது இந்தத் ‘தெரியவில்லை’ என்ற சொல்தான்.

பட்டம் முடிந்ததும், எந்த வயல் எண்ணில் கருவி எத்தனை முறை சரியாகச் சொன்னது, எத்தனை முறை தவறியது என்ற பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, உடன்பாட்டின்படி பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் ஒட்டினார்கள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தம் வயலின் எண்ணைத் தேடினார். 11 படங்களில் 9 சரி என்றிருந்தது. “அந்த இரண்டு எது?” என்று கேட்டார். இளைஞர்கள் கைப்பேசியை எடுத்து அவ்விரண்டு படங்களையும் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.