துளசி மாடத்துச் செஞ்சிலந்தி

சித்திரை மாதத்தில் ஒரு நாள், ஆர்.கே.பேட்டையில் சாலைப் பணி ஒன்றைப் பார்வையிட்டுத் திரும்புகையில், ஓர் அம்மையார் நம்மை நிறுத்தித் தம் வீட்டு முற்றத்துக்கு அழைத்துச் சென்றார். நெசவுத் தொழில் செய்யும் குடும்பம். வாசலில் துளசி மாடம். சுவரோரமாக ரோஜாவும் செம்பருத்தியும் வைத்த தொட்டிகள். கிணற்றடியில் ஒரு மல்லிகைக் கொடி. துளசியின் இலைகள் சாம்பல் பூத்தாற்போல் வெளிறிக் கிடந்தன. ரோஜா இலைகளில் ஊசியால் குத்தினாற்போன்ற வெண்மஞ்சள் புள்ளிகள் நிறைந்திருந்தன. கொழுந்துகளைச் சுற்றி மெல்லிய நூலாம்படை படர்ந்து, அதன்மேல் தெருப் புழுதி படிந்திருந்தது.

“ஐயா, கடையில் கொடுத்த பூச்சி மருந்தை மூன்று முறை அடித்தாயிற்று. அடிக்க அடிக்க இன்னும் அதிகமாகிறது. மருந்து கலப்படமா, அல்லது செடிக்கு ஏதேனும் தோஷமா?” என்று அவர் கேட்டார்.

மருந்து கலப்படம் என்று நமக்குத் தோன்றவில்லை. பூச்சியைக் கொல்வதற்கென்று செய்யப்பட்ட மருந்து பூச்சிகளைக் கொன்றிருந்தது. ஆனால் அம்மையாரின் செடிகளை வாட்டியது பூச்சியே அன்று. அது போகட்டும், அவர் அடுத்துச் சொன்ன ஒரு வார்த்தைதான் நம்மைத் திடுக்கிட வைத்தது. பேரனுக்கு இருமல் கண்டால் இந்தத் துளசியில்தான் நான்கு இலை கிள்ளிக் கொடுப்பது வழக்கமாம்.

இந்த வட்டாரத்தில் இக்கதை ஒரு வீட்டோடு நிற்பதன்று. வெண்டைப் பாத்தியிலும் கத்தரித் தோட்டத்திலும் இதே தவறு நடைபெற்று வருகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல முற்பட்டோம்.

தமிழில் இதனைச் செஞ்சிலந்தி என்றும் சிவப்புச் சிலந்திப் பேன் என்றும் சொல்கிறோம். 1960-ஆம் ஆண்டு வரை சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த பகுதியாதலால் இங்கே தெலுங்கும் தாராளமாக வழங்குகிறது. தெலுங்கு பேசும் உழவர்கள் இதை ‘எர்ர நல்லி’ என்பர். பெயர் எதுவாயினும் கடைக்குச் சென்று கேட்கும்போது எல்லோரும் ‘பூச்சி’ என்றே கேட்கிறார்கள். சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது. பூச்சி இனத்துக்கு ஆறு கால்கள். வளர்ந்த செஞ்சிலந்திக்கு எட்டுக் கால்கள். சிலந்தி, தேள், மாட்டின் மேல் ஒட்டும் உண்ணி ஆகியவற்றின் கூட்டத்தைச் சேர்ந்தது அது. பூச்சியின் உடலுக்கு ஏற்றவாறு செய்யப்பட்ட மருந்துகளில் பல இதன்மேல் பட்டும் படாததற்கே சமானம்.

பெயரில் சிவப்பு இருந்தாலும் எல்லாம் சிவப்பாக இரா. வெளிர்பச்சை உடலின் இரு பக்கங்களிலும் இரண்டு கரும் புள்ளிகளோடு கூடிய இனமே உலகெங்கும் மிகுதி. வளர்ந்த பெண் சிலந்தியின் நீளம் ஏறக்குறைய அரை மில்லி மீட்டர். இலையின் அடிப்பக்கத்தில் தங்கி, இலையின் சிற்றறைகளை ஒவ்வொன்றாகக் குத்திப் பச்சையத்தோடு சாற்றை உறிஞ்சுகிறது. குத்துப்பட்ட அறை வெறுமையாகிவிடுவதால் மேற்பக்கத்தில் புள்ளி தெரிகிறது. புள்ளிகள் பெருகி ஒன்றுகூடியபின் இலை வெண்கல நிறம் அடைந்து உதிர்கிறது.

கோடை வெப்பத்தில் முட்டை பொரிய மூன்று நாட்களே போதும். பத்து நாட்களுக்குள் குஞ்சு வளர்ந்து தானும் முட்டையிடத் தொடங்கிவிடும். ஒரு தாய் தன் வாழ்நாளில் நூறு முட்டை வரை இடும். ஆண் துணையின்றியும் முட்டையிடும். அம்முட்டைகளிலிருந்து ஆண்களே பிறக்கும். எனவே ஒரே ஒரு பெண் சிலந்தி தப்பினாலும் வமிசம் அற்றுப்போவதில்லை. வறட்சியும் வெப்பமும் புழுதியும் அதற்கு உகந்தவை. பங்குனி முதல் வைகாசி வரை நம் திருத்தணிப் பக்கத்தில் இம்மூன்றுக்கும் பஞ்சம் ஏது?

மருந்து அடிக்க அடிக்கப் பெருகுவானேன் என்ற கேள்விக்கு இப்போது வருவோம். செஞ்சிலந்தியைத் தின்றே உயிர்வாழும் உயிர்கள் சில உண்டு. கடுகினும் சிறிய கருநிறப் பொறிவண்டு ஒன்று. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழு மற்றொன்று. செஞ்சிலந்தியைவிட விரைந்து ஓடும் வேட்டைச் சிலந்தி வேறொன்று. நீலகிரி, ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் இந்தப் பொறிவண்டின் உதவியை நன்கு அறிவார்கள். நாம் பூச்சி மருந்தைத் தெளிக்கும்போது செத்து விழுபவை இந்தக் காவற்காரர்களே. இலைக்கு அடியில் நூலாம்படைக்குள் இருக்கும் செஞ்சிலந்தியோ பிழைத்துக்கொள்கிறது. காவல் போன வீட்டில் கள்ளனுக்கு என்ன தடை? போதாதற்கு, சில மருந்துகள் செஞ்சிலந்தி இடும் முட்டைகளின் எண்ணிக்கையையே கூட்டுகின்றன என்றும் ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்த விபரீதமன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. மருந்து மேல்நாட்டுப் பழத்தோட்டங்களில் புகுந்தது. அதுவரை அற்பமாகக் கருதப்பட்டு வந்த செஞ்சிலந்தி, அதன்பிறகே அங்கு பெரும் பகையாகத் தலையெடுத்தது. இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் ஒன்று உண்டு. 1958-ஆம் ஆண்டில் தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்குச் சென்ற ஆர்க்கிட் பூச்செடிகளில் ஒரு வேட்டைச் சிலந்தி ஒட்டிக்கொண்டு போயிற்று. செஞ்சிலந்தியைத் தவிர வேறெதையும் அது நாடாது. 1960-களில் ஹாலந்திலும் இங்கிலாந்திலும் கண்ணாடி வீடுகளில் வெள்ளரி பயிரிடுவோர் அதனை வளர்த்துச் செடிகளின்மேல் விடத் தொடங்கினர். பயணத்தில் தற்செயலாக ஒட்டிக்கொண்ட உயிர் இன்று பல நாடுகளில் விலைக்கு விற்கப்படுகிறது.

இனி, கண்டுபிடிக்கும் முறை. இலை வெளிறியபின் பார்ப்பது காலம் கடந்த பார்வை. கோடை தொடங்கியதும் வாரம் ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். வெள்ளைக் காகிதம் ஒன்றை இலைக்கு அடியில் பிடித்துக் கிளையைத் தட்டினால் மிளகாய்ப் பொடித் துகள்போல் விழும். துகள் நகர்ந்தால் ஐயமில்லை. விரலால் தேய்த்தால் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை படும். அந்த அம்மையாரின் வீட்டில் பூதக்கண்ணாடிக்கு எங்கே போவது என்று நாம் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய கணவர் துணியின் இழைகளை எண்ணுவதற்கு வைத்திருந்த சிறு மடக்குக் கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதன்வழியே முட்டைகள் கண்ணாடி மணிகள்போல் உருண்டையாகத் தெரிந்தன; அவற்றிடையே எட்டுக் கால் பிராணிகள் ஊர்ந்தன. வீட்டார் அனைவரும் முறை வைத்துப் பார்த்தனர். ஒரு மணி நேரம் நாம் பேசியிருந்தாலும் அந்த ஒரு பார்வைக்கு ஈடாகாது. நெசவாளர் மிகுந்த அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை போன்ற ஊர்களிலும் இக்கண்ணாடி கிடைக்கும்; ஊராட்சி உறுப்பினர்கள் இதை நினைவில் கொள்ளலாம்.

முதல் மருந்து தண்ணீர். இதைச் சொன்னால் பலர் சிரிக்கிறார்கள். இலையின் அடிப்பக்கத்தில் படும்படி, கொழுந்து முறியாத அளவுக்கு விசையோடு, காலை வேளையில் நீரைப் பீய்ச்சுதல் வேண்டும். நூலாம்படை அறுந்து சிலந்திகள் கீழே விழும், புழுதியும் நீங்கும். முட்டைகள் மட்டும் இலையோடு ஒட்டியிருக்கும். அவை மூன்று நாட்களில் பொரியுமாதலால், மூன்று நாளுக்கு ஒருமுறையாக இரண்டு மூன்று வாரங்கள் விடாமல் கழுவினால்தான் பலன் உண்டு. ஒரு நாள் கழுவிவிட்டு, ‘தண்ணீரால் ஒன்றும் ஆகவில்லை’ என்று கைவிடுவோரே அதிகம்.

நாமே அப்படிக் கைவிட்டதுண்டு. முன்பு பணியாற்றிய ஓர் ஊரில் நம் குடியிருப்பின் முன் பத்துத் தொட்டிகள் வைத்திருந்தோம். இரு முறை கழுவியபின் பொறுமையிழந்து, நண்பகல் வெயிலில் துணி துவைக்கும் தூளைக் கரைத்துத் தெளித்தோம். சிலந்தி செத்ததோ இல்லையோ, மறுநாள் இலைகளெல்லாம் தீய்ந்துபோயின. சலவைத் தூள் இதற்கு உதவாது. காதி சோப்பு அல்லது மென்மையான திரவ சோப்பு லிட்டருக்கு 5 மி.லி. அளவில் போதும், அதையும் முதலில் ஓர் இலையில் தெளித்து ஒரு நாள் பொறுத்துப் பார்த்தல் நலம்.

தொட்டிச் செடிகளுக்கு அடுத்தபடி வேப்பெண்ணெய். லிட்டர் நீருக்கு 5 முதல் 10 மி.லி. எண்ணெயைச் சிறிது சோப்போடு சேர்த்து நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்தபின் தெளிக்கலாம். வேப்பங்கொட்டை கிடைக்கும் வீடுகளில் 50 கிராம் பருப்பை இடித்து ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டினாலும் ஆகும். ரோஜா, மல்லிகைக்கு நனையும் கந்தகம் உகந்தது. லிட்டருக்கு 2 கிராம். ஆனால் கடும் வெயிலில் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடவே கூடாது. துளசியைப் பொறுத்தவரை நம் அபிப்பிராயம் ஒன்றே: வாயில் இடும் இலைக்குத் தண்ணீருக்கு மேல் எதுவும் வேண்டாம். வாடிய கிளைகளை ஒட்ட வெட்டி எரித்துவிட்டுத் தளிர் வரும்வரை கழுவி வந்தால் போதும்.

வயலில் கத்தரி, வெண்டை, நிலக்கடலை முதலியவற்றில் இது மிகும்போது நீர் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். அங்கே சிலந்திக்கென்றே ஏற்பட்ட மருந்துகள் உள. புரோபர்கைட், ஸ்பைரோமெசிஃபென் போன்றவை கத்தரிக்கு அனுமதிக்கப்பட்டவை. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் செஞ்சிலந்தி அதற்குப் பழகிவிடும். இதில் அதன் கெட்டிக்காரத்தனம் உலகப் பிரசித்தம். அளவும், தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்களும் புட்டியின் சீட்டில் அச்சிடப்பட்டுள்ளன. சீட்டில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையும் காண வேண்டும்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. வேளாண்மை அலுவலரிடம் இலையைக் கொண்டுபோய்க் காட்டிக் கேட்பது, கடையில் வாயால் சொல்லிக் கேட்பதைவிட மேலானது.

பழைய குறிப்பேடு வைத்திருக்கும் உழவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பல்லாண்டுகளாகச் செஞ்சிலந்திக்கு டைகோஃபால் என்றே எழுதி வந்தோம். டி.டி.டி.யிலிருந்து தயாரிக்கப்படும் அம்மருந்து 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2023-இல் இந்திய அரசும் அதைத் தடை செய்தது. அட்டத்தில் மிச்சப் புட்டி இருந்தாலும் அதைப் பயன்படுத்தலாகாது.

கத்தரித் தோட்டத்தின் வரப்பில் ஆமணக்கும் பப்பாளியும் இருந்தால் முதலில் அங்கே பாருங்கள். செஞ்சிலந்தி அவற்றில் குடியிருந்து, நூலில் தொங்கிக் காற்றோடு பரவுகிறது. நம் வேட்டியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டும் வரும். வண்டியில் வைத்து விற்கும் பூஞ்செடியை வாங்கினால் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்தபின் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். ஊராட்சி நாற்றங்கால்களுக்கும் பள்ளித் தோட்டங்களுக்கும் இதே விதி. அங்கிருந்து ஊரெங்கும் கன்று கொடுக்கிறோம். கன்றோடு சிலந்தியையும் கொடுத்தல் தகாது. மண் சாலையை ஒட்டி நாற்றங்கால் அமைக்க நேர்ந்தால், சாலைப் பக்கத்தில் ஒரு வேலி நிழலாவது வைத்துப் புழுதியைத் தடுத்தல் அவசியம்.

தென்னை உடையோருக்கு ஒரு வார்த்தை. 1998-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டுப் பின் நம் மாநிலத்திலும் பரவிய ஈரியோபைட் என்பதும் சிலந்தி இனமே. அது காயின் தொட்டுக்கு அடியில் மறைந்து வாழ்வதால் அதன் வைத்தியம் வேறு. இதோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அம்மையாரின் வீட்டுக்கு மீண்டும் வைகாசி இறுதியில் சென்றோம். மருந்து பட்ட துளசியை வேரோடும் மண்ணோடும் அகற்றிவிட்டு, அண்டை வீட்டு விதையிலிருந்து முளைத்த புதுக் கன்றை மாடத்தில் நட்டிருந்தார். ஒரு ரோஜா பிழைக்கவில்லை. செம்பருத்தி தழைத்திருந்தது. மல்லிகையில் அரும்பு தெரிந்தது. அதன் இலையடியில் கருநிறப் பொறிவண்டு ஒன்று ஊர்வதைப் பேரன்தான், தாத்தாவின் கண்ணாடியை வைத்துக்கொண்டு, நமக்குக் காட்டினான். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் பூக்காவடி எடுக்கும்போது இந்தக் கொடியின் பூவும் அதில் இருக்கும் என்றார் அம்மையார்.