பேச்சு திரும்ப ஆறு மாதம்தான் கெடுவா?

“ஆறு மாசத்துக்குள்ள பேச்சு வந்தா உண்டு, அதுக்கப்புறம் வராது.” பக்கவாதத்தால் பேச்சிழந்தவர் இருக்கும் வீட்டில் யாராவது இப்படிச் சொல்லியிருப்பார்கள். சொன்னவர் சில வேளை மருத்துவராகவும் இருப்பார்.

இது முழுக்கக் கற்பனை அல்ல. மூளையில் ரத்த ஓட்டம் தடைபட்ட பிறகு, முதல் சில வாரங்களில் வீக்கம் வடிகிறது. அழியாமல் முடங்கிக் கிடந்த சுற்றுப்பகுதிகள் மறுபடி வேலை செய்யத் தொடங்குகின்றன. முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. பிறகு மந்தமாகிறது. மந்தமானதை முடிந்துபோனதாக எடுத்துக்கொண்டதில்தான் பிழை.

2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த ஜெர்மானிய ஆய்வு இந்தக் கெடுவை நேரடியாகச் சோதித்தது. 70 வயது வரையிலான 156 பேர். எல்லோருக்கும் பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது ஆகியிருந்தது. ஒரு பிரிவினருக்கு உடனே மூன்று வாரப் பேச்சுப் பயிற்சி, வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல். மற்றவர்கள் மூன்று வாரம் காத்திருந்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் அன்றாடப் பேச்சு மேம்பட்டது, காத்திருந்தவர்களிடம் மாற்றமில்லை. அவர்களுடைய முறை வந்தபோது அவர்களும் முன்னேறினார்கள். பலன் ஆறு மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. எல்லோரும் பழையபடி மடைதிறந்து பேசிவிட்டார்கள் என்றில்லை, அது வேறு. ஆனால் வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் போய்வந்துவிட்டு “தெரபி பலிக்கல” என்று கைவிடுவது, மருந்தைக் கால் பங்கு குடித்துவிட்டு மருந்தைத் திட்டுவதுதான்.

“அப்படியானால் முதல் நாளிலிருந்தே விடாமல் பேச வைக்க வேண்டும்.” இதுவும் சரியல்ல. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 246 பேரிடம் நடந்த ‘வெர்ஸ்’ ஆய்வில், தொடக்க வாரங்களிலேயே பயிற்சியைத் தீவிரமாக்கியதால் வழக்கமான பயிற்சியைவிடக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

“பேச்சு போச்சு, புத்தியும் போச்சு.” என்னைக் கேட்டால், கெடுவைவிடக் கொடுமையானது இது. நோயாளியின் எதிரிலேயே சொத்துப் பேச்சு நடக்கும், அவரைத் தவிர எல்லோரிடமும் கருத்துக் கேட்பார்கள். 1861-இல் பாரிஸில் பால் புரோக்கா பரிசோதித்த லெபோர்ன் என்பவரால் ‘டான்’ என்ற ஓரசையைத் தவிர ஏறக்குறைய எதுவும் சொல்ல முடியவில்லை. ஆனால் கேட்டதைப் பெரும்பாலும் புரிந்துகொண்டார். எண்ணிக்கை கேட்டால் விரல்களால் காட்டினார். மூளையின் மொழிப் பகுதி அடிபடுவது ஒன்று, சிந்தனை மங்குவது இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வருவதும் உண்டு. கவனமும் நினைவாற்றலும் குறைந்தவர்கள் பலர். ஆகவே வாய்திறந்து பதில் சொல்லத் தேவையில்லாத சோதனைகளால்தான் அவர்களின் அறிவை அளக்க வேண்டும். (நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்பவர்களுக்கும் இதே பதில்: இங்கே அடிபட்டது நாக்கு அல்ல.)

“பல மொழி மூளைக்குச் சுமை.” ஹைதராபாத்தில் பக்கவாத நோயாளிகள் 608 பேரை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்ட முடிவு வேறு. பக்கவாதத்துக்குப் பின் அறிவுத்திறன் சேதமின்றி இருந்தவர்கள் இருமொழியாளரில் 40.5 சதவீதம், ஒருமொழியாளரில் 19.6 சதவீதம். பேச்சிழப்பு மட்டும் இரு தரப்பிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது.

கடைசியாக, “போன்ல ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாப் போதும்.” பிரிட்டனில் 278 பேர் பங்கேற்று 2019-இல் முடிவு வெளிவந்த ‘பிக் காக்டஸ்’ ஆய்வில், நோயாளிகள் தமக்கு வேண்டிய சொற்களைக் கணினியில் தாமே பழகினார்கள். பழகிய சொற்கள் நன்றாகவே வந்தன. உரையாடல் மட்டும் மேம்படவில்லை. சொற்களைப் பழகக் கணினி போதும். அந்தச் சொற்களைப் பேச்சில் கொண்டுவர எதிரே ஒரு ஆள் வேண்டும், அவர் இடையில் புகுந்து வாக்கியத்தை முடித்துவிடாதவராக இருக்க வேண்டும்.