இசைத்தட்டில் எஞ்சிய பிரெஞ்சு நாடக இசை

நூலுக்குப் பாயிரம் எத்தகையதோ, மேனாட்டு இசை நாடகமாகிய ஆபெராவிற்கு முகப்பிசை அத்தகையது. திரை விலகுமுன் வாத்தியக் குழுவினர் வாசிப்பது அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாரிஸ் நகரில் எழுந்த இசை நாடகங்களுட் பல இன்று அரங்கேறுதல் அரிது. ஆயினும் அவற்றின் முகப்பிசையும் ஆடலிசையும் இசைத்தட்டுக்களில் உயிர் தாங்கி நிற்கின்றன. எஞ்சிய அவ்விசையை எங்ஙனம் கேட்டல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

முகப்பிசை தனித்து நிலைத்தமைக்குக் காரணம் இரண்டு. நாடகத்துட் பின்னர் வரும் இன்னிசைகளை அது தன்னுள் தொகுத்துத் தருதல் ஒன்று. எரோல்டு என்பார் 1831-இல் இயற்றிய ‘ஸாம்பா’வின் முகப்பிசை இதற்குச் சான்றாகும். மற்றொன்று அதன் அளவு. பழைய பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய நான்கு நிமிடமே ஒலிக்கும். எட்டு நிமிட முகப்பிசை ஒரு தட்டின் இரு பக்கங்களில் அடங்கும். முழு நாடகமோ பல தட்டுக்களை வேண்டும்.

இனி ஆடலிசை. பாரிஸ் பேரரங்கில் நாடகத்தினிடையே ஆடல் நிகழ்தல் மரபு. 1859-இல் வேறோர் அரங்கில் தோன்றிய கூனோவின் ‘பாஸ்ட்’ 1869-இல் பேரரங்கம் புகுந்தபோது, அதற்கெனப் புதிதாக ஆடலிசை சேர்க்கப்பட்டது. 1861-இல் வாக்னர் தம் ‘டான்ஹாய்சர்’ நாடகத்தில் ஆடலை முதலங்கத்திலேயே வைத்தார். காலந்தாழ்த்து வரும் வழக்கினரான செல்வர் சினந்து கூச்சலிட்டனர்; நாடகம் மும்முறையோடு நின்றது. இவ்வாறு இடைச்செருகலாய் அமைந்தமையின், ஆடலிசை கதையினின்று பிரிந்து வாழ்தல் எளிதாயிற்று.

ஆயின், பிரித்தலால் இழப்பும் உண்டு. ஓபேர் இயற்றி 1828-இல் அரங்கேறிய ‘போர்ட்டிச்சி ஊமைப்பெண்’ணை நோக்குக. 1647-இல் நேப்பிள்ஸில் மாசானியெல்லோ என்னும் மீனவன் கிளர்ந்தெழுந்த வரலாறே அதன் கதைக்கரு. நாடகத்தில் அவன் உடன்பிறந்தாளாகிய பெனெல்லா வாய் பேசாதவள். அரசப் பிரதிநிதியின் மகனால் வஞ்சிக்கப்பட்டவள். ஏனையோர் பாட, இவள் பாடுவதில்லை. ஆடல்மகள் ஒருத்தியே அவ்வேடம் பூணுவது வழக்கம். அவள் கையாற் காட்டும் துயரை வாத்தியங்கள் எடுத்துரைக்கும். 1830 ஆகஸ்டு 25-இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் இந்நாடகம் நிகழ்ந்த இரவே மக்கள் தெருவிற் கிளர்ந்தனர். டச்சு ஆட்சியின்பால் மனக்குறை முன்னரே மிக்கிருந்தது. நாடகம் அதனை மூட்டிவிட்டது. அக்கிளர்ச்சியின் பயனாகப் பெல்ஜியம் தனி நாடாயிற்று.

பால் பாரே டெட்ராயிட் குழுவினரைக் கொண்டு ஓபேரின் முகப்பிசைகளைப் பதிவு செய்தார். ரிச்சர்டு பானிங் மறந்த ஆடலிசைகள் பலவற்றை மீட்டளித்தார். வெனிஸ் நகரில் 2009-இல் நிறுவப்பெற்ற புரூ சானே நிலையம் முழு நாடகங்களையே தேடிப் பதிவு செய்து வருகின்றது. இஃது உவக்கத்தக்கது.

எனவே நண்பர்காள், இத்தகைய தட்டொன்று கைக்கு எட்டுமாயின், முதற்கண் அந்நாடகத்தின் கதையைக் கற்றுப் பின் கேட்பீராக. கதை அறியாதார்க்கு ஓபேரின் முகப்பிசை இனிய முழக்கமாகும். அறிந்தார்க்கோ பேசவியலாத பெண்ணொருத்தியின் முறையீடும் ஒரு நகரத்தின் சினமும் அதனுள்ளே கேட்கும்.