பாக் விரிகுடாக் கரையில் நடையும் நீரடிக் காட்சியும்: மணமேல்குடி முதல் முத்துக்குடா வரை

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடற்கரை இருக்கிறது. வடக்கே கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் வழியாக முத்துக்குடாப் பக்கம் முடியும் இக்கரை, பாக் விரிகுடாவின் மேற்குக் கரை. விரிகுடாவைத் தெற்கே இராமேசுவரம் தீவும் ஆதம் பால மணல்திட்டுகளும், கிழக்கே யாழ்ப்பாணத் தீபகற்பமும் அணைத்து நிற்கின்றன. அதனால் வங்கக் கடலின் பேரலை இங்கே எட்டுவதில்லை. ஆழமும் குறைவு, பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. மணமேல்குடியில் கடலுக்குள் வெகுதூரம் நடந்த பிறகும் நீர் இடுப்பளவே இருக்கும்.

அலை குறைந்த, ஆழம் குறைந்த, வெயில் அடிவரை இறங்கும் இந்த நீரில் வளர்வது கடற்புல். புதுக்கோட்டைக் கரையில் பவளப்பாறையைத் தேடுவோர் ஏமாந்து திரும்புவர். கடற்புல் வெளியைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் மட்டுமே இந்தப் பயணத்துக்குப் பொருள் உண்டு. கடற்புல் பாசி அல்ல. வேரும் பூவும் விதையும் உள்ள செடி. அதன் வேர்கள் சேற்றை இறுக்கிப் பிடிக்கின்றன. அதன் இடுக்குகளில் இறால் குஞ்சும் நண்டும் வளர்கின்றன. அதை மேய்ந்தே வாழ்வது கடல் பசு. மீனவர்கள் ஆவுளியா என்று சொல்லும் இந்தப் பாலூட்டி இந்தியக் கடல்களில் சில நூறு மட்டுமே எஞ்சியுள்ளது என்பது மதிப்பீடு. அதைக் காப்பதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல் பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடல் பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. கரையில் இறங்கும் பயணி காலடி வைப்பது இப்படிப்பட்ட இடத்தில்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

பயணத்தின் பாதி வெற்றி நாட்காட்டியில் இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அப்போது வாடைக்காற்று நேராகக் கரையை அறைகிறது. நீர் கலங்கிச் சேற்று நிறமாகிறது. புயல் அபாயமும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்த கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் உருக்குலைத்தது. இந்த மாதங்களில் நீரடிக் காட்சிக்கு இடமே இல்லை. ஆனால் வலசைப் பறவைகளைப் பார்க்க விரும்புவோருக்கு மழை ஓய்ந்த டிசம்பர் இறுதியும் ஜனவரியும் ஏற்றவை. சேற்றுத் திட்டுகளில் உள்ளான்களும் ஆலாக்களும் கூட்டமாக இறங்கும்.

நீருக்குள் பார்ப்பதற்கு உகந்தது பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் வரையிலான இடைவெளி. ஒரு காற்று அடங்கி, மறு காற்று எழாத காலம் அது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடப்பதால், இழுவலைகள் அடிச்சேற்றைக் கிளறுவதும் அப்போது நின்றிருக்கும். மே மாத வெயில் கடுமையானது. அதைத் தாங்குவோர் இந்தக் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். ஜூனுக்குப் பிறகு மேற்கிலிருந்து வீசும் காற்று கரையோர நீரை அமைதியாகக் காட்டும். அந்த அமைதியை நம்பக் கூடாது. மிதப்பவரைக் கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளும் காற்று அது.

நாளுக்குள் நேரமும் முக்கியம். முற்பகலுக்குப் பின் கடற்காற்று எழுந்து சிற்றலைகளைக் கிளப்பும். அத்துடன் நீரின் தெளிவு போய்விடும். காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடைப்பட்ட பொழுதே நீருக்கு உரியது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பையும் முதல் நாள் இரவே பார்த்துவிட வேண்டும். அவற்றைவிட நம்பத் தக்கது, விடியலில் கரையில் நிற்கும் மீனவரின் சொல். அவர் படகை இறக்கவில்லை என்றால் பயணியும் இறங்கக் கூடாது.

பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் திங்கள், புதன், சனிக்கிழமைகளிலும், நாட்டுப்படகுகள் மற்ற நாட்களிலும் தொழிலுக்குப் போவது வழக்கம். நாட்டுப்படகு வலைகள் பெரும்பாலும் கரையை ஒட்டியே விரிக்கப்படுகின்றன. ஆகவே எந்த நாளானாலும், வலை எங்கே கிடக்கிறது என்று கேட்காமல் நீரில் தலையை அமிழ்த்துவது ஆபத்து. மெல்லிய நரம்பு வலை நீருக்குள் கண்ணுக்கே தெரியாது.

சென்று சேர்தல்

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி ஏறத்தாழ 32 கிலோமீட்டர். காரைக்குடி–திருவாரூர் ரயில் பாதையிலும் அறந்தாங்கி நிலையம் உண்டு. முந்தின இரவு அங்கே தங்குவது வசதி. கடலோர ஊர்களில் தங்கும் இடம் குறைவு. அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் ஆகிய மூன்றுக்கும் பேருந்து உண்டு. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை ஊர்களை ஒன்றோடொன்று இணைக்கிறது. விடியலில் நீரில் இறங்க நினைப்போர் தனி வண்டி பேசிக்கொள்வதே சரி. அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். இலங்கை எல்லை அருகில் இருப்பதால் கடலோரக் காவல் குழுமத்தின் கண்காணிப்பு இங்கே எப்போதும் உண்டு. டிரோன் கொண்டுவருவது வீண் சிக்கல்.

எடுத்துவர வேண்டியவை: கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடும் மாஸ்க், ஸ்நார்க்கெல் எனப்படும் மூச்சுக்குழாய், லைஃப் ஜாக்கெட், முழுக்கைச் சட்டை, விரல் மூடிய பழைய காலணி, ஆளுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் குடிநீர். இந்தக் கரையில் இவற்றை வாடகைக்குத் தரும் கடைகளை நம்பி வரக் கூடாது. முகம் முழுவதையும் மூடும் புதுவகை மாஸ்க் வேண்டாம். வெளிவிட்ட மூச்சு அதற்குள் தேங்கித் தலைசுற்ற வைக்கக்கூடும். துடுப்புக் காலணியும் இங்கே தேவையில்லை. ஆழம் குறைந்த நீரில் அது சேற்றைக் கிளப்பிக் காட்சியைக் கெடுக்கும், புல்லையும் பிய்க்கும்.

நீரில் இறங்குதல்

தொடங்க ஏற்ற இடம் மணமேல்குடிக் கடற்கரை. மாஸ்க் பொருந்துகிறதா என்பதைக் கரையிலேயே பார்த்துவிடலாம். வாரை மாட்டாமல் முகத்தில் அழுத்தி, மூக்கால் மூச்சை இழுத்தால் அது விழாமல் ஒட்டி நிற்க வேண்டும். கண்ணாடியின் உட்புறத்தில் எச்சிலைத் தடவிக் கடல்நீரில் அலசினால் ஆவி படியாது.

முழங்கால் ஆழம்வரை நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நகர்த்த வேண்டும். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை, அதிர்வு கேட்டு விலகிப் போய்விடும். மிதித்தால்தான் வாலை வீசும். இடுப்பளவு நீரில் நின்று, வாயில் ஸ்நார்க்கெலைக் கவ்வி, முகத்தை மட்டும் நீரில் அமிழ்த்தி வாயால் நிதானமாக மூச்சுவிடப் பழக வேண்டும். குழாய்க்குள் நீர் புகுந்தால் ஒரே வேகத்தில் பலமாக ஊதினால் வெளியேறிவிடும். இந்தப் பழக்கம் வரும்வரை முன்னே நகரக் கூடாது. நீச்சல் தெரியாதவர் லைஃப் ஜாக்கெட்டுடன் இடுப்பு ஆழத்திலேயே நின்றுவிடலாம்; காட்சியில் பெரிய இழப்பு ஒன்றுமில்லை. தெரிந்தவரும் இருவர் இருவராக, கரையில் ஒருவர் கவனித்து நிற்க, கரைக்கு இணையாகவே மிதக்க வேண்டும். கடலை நோக்கிப் போவதில் இங்கே எந்த லாபமும் இல்லை.

கடற்புல்லுக்கு மேலே சென்றதும் கைகால்களை அசைக்காமல் மிதப்பதே நுட்பம். முதல் சில நிமிடங்கள் பச்சையும் பழுப்புமாக ஒரு வெளி மட்டுமே தெரியும். கிளம்பிய சேறு படிய நேரம் தர வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் புலப்படும்: புல்லைக் கொறிக்கும் ஓரா மீன் குஞ்சுகள், நீர்ப்பரப்பை ஒட்டிக் குச்சிபோல் நிற்கும் முரல், பக்கவாட்டில் விலகும் நீலக்கால் நண்டு, மணலோடு மணலாகக் கிடக்கும் கடல் அட்டை. புல் நடுவே வளைந்து செல்லும் வெறும் மண் தடம் தெரிந்தால், அது ஆவுளியா மேய்ந்த சுவடாக இருக்கலாம். வளர்ந்த விலங்கு நாளொன்றுக்கு 30 கிலோவுக்கும் மேல் புல்லைத் தின்கிறது. வேரோடு பிடுங்கித் தின்பதால் தடம் விழுகிறது. விலங்கையே காண்பது மிக அரிது. தற்செயலாகக் கண்டால் நின்ற இடத்திலேயே நின்றுவிட வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுக்காக மேலே வந்தாக வேண்டிய விலங்கைத் துரத்துவது அதன் மூச்சைப் பறிப்பது.

கடல் பசு, கடல் குதிரை, கடல் அட்டை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை. தொடுவதும் எடுப்பதும் குற்றம். உயிருள்ள சங்கு, சிப்பி எதையும் கரைக்குக் கொண்டுவரக் கூடாது.

சொறி எனப்படும் ஜெல்லி மீன் பட்டுத் தோல் எரிந்தால் மணலால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல்நீரால் மட்டும் கழுவ வேண்டும். திருக்கை முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்தால் வலி தணியும். எப்படியும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் உடனே 108. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, கடலோரக் காவல் படைக்கு 1554.

கரை நடை

நீரிலிருந்து ஏறிக் காலை உணவை முடித்தபின், வெயில் ஏறுமுன் ஒரு மணிநேரம் நடக்கலாம். மலையேற்றம்போல் உயரம் ஏதும் இல்லை. சேறும் வெயிலும்தான் இந்த நடையின் கடுமை. மரநிழல் மிகக் குறைவு. கிளிஞ்சல் ஓடுகள் காலைக் கிழிக்கும் என்பதால் காலணியைக் கழற்றக் கூடாது. காயும் வலையைத் தாண்டியோ மிதித்தோ போகாமல் சுற்றிப் போவது மரியாதை. கருவாடு காயவைக்கும் பெண்களைப் படமெடுக்கும் முன் கேட்பதும் அப்படித்தான். ஆற்று முகங்களில் நீரின் ஆழமறியாது இறங்கிக் கடக்க முயலக் கூடாது. சாலைக்கு வந்து பாலத்தில் கடக்க வேண்டும்.

நடக்கும் இந்தக் கரை பழைய கரை. அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரும் பாண்டிய மன்னன் நின்றசீர் நெடுமாறனின் அமைச்சருமான குலச்சிறையார் பிறந்த மணமேற்குடி இந்த மணமேல்குடிதான். சோழ, பாண்டிய நாடுகளுக்கு எல்லையாகச் சொல்லப்பட்ட தென்வெள்ளாறு இக்கரையில்தான் கடலில் கலக்கிறது. புதுக்கோட்டைத் தொண்டைமான்களின் சமஸ்தானத்துக்குக் கடல் இருந்ததில்லை; அறந்தாங்கிப் பகுதி தஞ்சை மாவட்டத்தில் இருந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானபோதுதான் இந்தக் கடலும் அதனுடன் சேர்ந்தது.

நடையின் இரண்டாம் பகுதியை மீமிசலை அடுத்த முத்துக்குடாவில் மாலை 4 மணிக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அலையாத்திக் காடு அங்கே கடலோடு பின்னிக் கிடக்கிறது. படகு ஓடுகிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். லைஃப் ஜாக்கெட் தராத படகில் ஏறக் கூடாது. சேற்றிலிருந்து பென்சில் முனைபோல் மேலெழும் குச்சிகள் மரத்தின் சுவாச வேர்கள். காற்றில்லாச் சேற்றில் நிற்கும் மரம் அவற்றின் வழியே மூச்சுவிடுகிறது. அவற்றை மிதித்து நடந்தால் ஒரு மரத்தின் மூச்சு அடைபடும். ஆகவே கரைமேட்டிலிருந்தோ படகிலிருந்தோ பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இடைப்பட்ட உச்சிப்பொழுதுக்கு ஆவுடையார்கோயில் இருக்கிறது; அறந்தாங்கியிலிருந்து மீமிசல் செல்லும் வழியிலேயே வரும். நடுப்பகலில் நடை சாத்தப்படும் என்பதால் 11 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கடற்கரை நோக்கி வந்த மாணிக்கவாசகர் இங்கே குருவைக் கண்டு, பொருளையெல்லாம் கோயிலுக்குச் செலவிட்டார் என்பது தலவரலாறு. துறையில் இறங்கிய குதிரையும், அதற்காக நாட்டின் உட்பகுதியிலிருந்து வந்த பொன்னும் இந்த விரிகுடாவின் பழைய வணிகத்தை நினைவூட்டுகின்றன. கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடை மட்டுமே. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவியே நிவேதனம். மரச்சட்டமும் ஆணியும்போலக் கல்லில் செதுக்கிய கொடுங்கைகளை அண்ணாந்து பார்க்க அரை மணிநேரமாவது வேண்டும். நேரம் மிஞ்சினால், பேருரு லிங்கத்துக்குப் பெயர்போன பாடல் பெற்ற தலமான திருப்புனவாசலும் இதே சுற்றில் உண்டு.

திரும்புமுன்

கொண்டுவந்த பிளாஸ்டிக் அனைத்தும் பையோடு திரும்பிப் போக வேண்டும். மாஸ்க்கையும் ஸ்நார்க்கெலையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் ரப்பர் கெடாது. கரையொதுங்கிய ஆமையையோ கடல் பசுவையோ கண்டால் தானே இழுத்துவிட முயலாமல் வனத்துறைக்கும் அருகிலுள்ள மீனவர்களுக்கும் சொல்ல வேண்டும். வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுவித்தவர்கள் இந்தக் கரையின் மீனவர்களே. அதற்காக வனத்துறை அவர்களுக்கு வெகுமதி அளித்திருக்கிறது.

பவளப்பாறையைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு வழி வேறு. மீமிசலிலிருந்து அதே கடற்கரைச் சாலையில் தெற்கே தொண்டி வழியாக இராமநாதபுரம் சென்று, அங்கிருந்து மண்டபம், இராமேசுவரம் பக்கம் போனால் பவளம் தொடங்குகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறை அனுமதியின்றி இறங்க முடியாது. கடல் கடந்து போகக்கூடியவர்களுக்குத் திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு இருக்கிறது. 2003 முதல் தேசியப் பூங்காவான அங்கே மே முதல் செப்டம்பர் வரை நீர் தெளிவாக இருக்கும். மணமேல்குடிக்குப் பங்குனி ஏற்றதென்றால் புறாத்தீவுக்கு ஆடி ஏற்றது. ஒரே ஆண்டில் இரண்டையும் பார்த்துவிடலாம்.