வெறுங்காலோட்டம்: அதன் நன்மையும் தீமையும்

உடல் நலத்திற்குரிய பயிற்சிகளுள் ஓட்டமே எளிமையிற் சிறந்தது. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை, கருவி வேண்டுவதில்லை, நிலமும் காலும் இருந்தாற் போதும். ஆயினும், அக்காலுக்குக் காப்பு வேண்டுமா, வேண்டாவா என்னும் வினா இந்நாளில் ஓட்டப் பயிற்சியாளரிடையே பெரிதும் ஆராயப்பட்டு வருகின்றது. யான் இராமேசுவரத் தீவிலே பிறந்து, பள்ளிக்குச் செல்லும் நேரமன்றி மற்றைப்போதெல்லாம் வெறுங்காலோடு மணலில் ஓடி வளர்ந்தவன். ஆதலின் இவ்வினா எனக்கு ஏட்டளவில் நிற்பதன்று. அதனை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

பாதத்தின் அமைப்பு

மனிதனுடைய ஒவ்வொரு பாதத்திலும் 26 எலும்புகளும், அவற்றை இணைக்கும் முப்பதுக்கு மேற்பட்ட மூட்டுகளும் உள. இவை வில்போல் வளைந்து அமைந்துள்ளன. ஓடும்போது அவ்வில் சிறிது தாழ்ந்து மீண்டும் நிமிர்கின்றது. நிமிரும்போது நிலத்தில் மோதிய விசையின் ஒரு பகுதியை அடுத்த அடிக்கு உதவுகின்றது. இவ்வமைப்பினும் வியக்கத்தக்கது உள்ளங்காலின் உணர்ச்சியாகும். கல்லையும் முள்ளையும், வெம்மையையும் தண்மையையும் அஃது அறிவிக்க, உடல் தன் நடையை நொடிப்பொழுதில் மாற்றிக்கொள்கின்றது. வெறுங்காலோட்டத்தின் நன்மை பெரும்பாலும் இவ்வுணர்ச்சியைப் பற்றியே நிற்கின்றது. தீமையோ, அவ்வுணர்ச்சியை நாம் மதியாதவிடத்தும், அவ்வுணர்ச்சிக்கு எட்டாத பகை வந்தவிடத்தும் விளைகின்றது. இவ்வுண்மையை மேல்வருவனவற்றால் உணரலாம்.

நன்மைகள்

ஹார்வர்டுப் பல்கலைக் கழகப் பேராசிரியர் டானியல் லீபர்மன் என்பவரும் அவருடைய துணைவரும் அமெரிக்காவிலும் கெனியாவிலும் ஓடுவோரை ஆராய்ந்து, தம் முடிவை 2010-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். காலணியுடன் ஓடிப் பழகினோர் பெரும்பாலும் குதிகாலை முதலில் ஊன்றுகின்றனர். வெறுங்காலோடு ஓடிப் பழகினோர் பெரும்பாலும் பாதத்தின் முற்பகுதியை முதலில் ஊன்றுகின்றனர். குதிகாலூன்றுவோர்க்கு ஒவ்வோர் அடியிலும் எழுகின்ற திடீர் மோதல், முற்பகுதியை ஊன்றுவோர்க்கு ஏறக்குறைய இல்லையாகின்றது. இதன் காரணம் அறிதற்கு எளிது. வெறுங்குதிகாலால் கடுநிலத்தை மோதினால் நோம். நோகவே ஓடுபவன் மெல்ல ஊன்றக் கற்றுக்கொள்கின்றான். ஈண்டு நோவே ஆசிரியனாகின்றது.

நம் நாட்டு ஆராய்ச்சியொன்றும் கருதத்தக்கது. மணிப்பால் மருத்துவர்களாகிய ராவ், ஜோசப் என்னும் இருவரும் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 சிறாரின் பாதங்களைச் சோதித்து, 1992-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். காலணி அணிந்த சிறாருள் நூற்றுக்கு 8.6 பேருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, அணியாதாருள் 2.8 பேருக்கே இருந்தது. விரல்களை மூடும் காலணி அணிந்தாரிடத்தே இக்குறை மிகுந்து காணப்பட்டது. இளமையிற் கட்டுண்ட பாதம் தன் வளைவை நன்கு பெறுவதில்லை போலும். அன்றியும், காலணியின் எடை ஒவ்வொரு காலிலும் 100 கிராம் கூடுமாயின், ஓடுதற்கு வேண்டும் பிராணவாயு நூற்றுக்கு ஒரு பங்கு மிகும் என்பர்.

எத்தியோப்பிய வீரர் அபேபே பிகிலா 1960-ஆம் ஆண்டு ரோம் நகர ஒலிம்பிக்கில் மாரத்தான் தூரம் முழுவதையும் வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் ஓடி வென்றதை அறியாதார் இலர். ஆனால், 1964-ஆம் ஆண்டு டோக்கியோவில் அவரே காலணி அணிந்து ஓடி, அதனினும் விரைவாக, 2 மணி 12 நிமிடத்தில் வென்றதைப் பலர் மறந்துவிடுகின்றனர். இரண்டையும் சேர்த்து நினைத்தலே நேர்மையாகும். வெற்றி காலணியிலும் இல்லை, அஃதின்மையிலும் இல்லை.

தீமைகள்

யானும் பிகிலாவின் கதையின் முற்பாதியை மட்டும் படித்தவன். சென்ற ஆண்டு விடுதியிலிருந்து நாள்தோறும் விடியலில் தார்ச்சாலை வழியே ஐந்து மைல் வெறுங்காலோடு ஓடத் தொடங்கினேன். இரண்டாம் வாரத்திற் புறங்காலில் வலி கண்டது. அதனை மனத்தின் தளர்ச்சி என்று எண்ணி மேலும் ஓடினேன். மூன்றாம் வாரம் கால் ஊன்ற இயலவில்லை. புறங்கால் எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு உளதென்றார் மருத்துவர். கல்லூரிகளுக்கிடையே நடந்த ஓட்டப் பந்தயத்தை வேலிக்கு வெளியே நின்று பார்க்க நேர்ந்தது. ஊருக்குச் சென்றபோது, வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த என் தந்தையார் என் காலைத் தூக்கிப் பார்த்து, “இது மணலிலே பழகின கால், தம்பி, ரோட்டுக்கு இது பச்சைப்பிள்ளைக் கால்” என்றார்.

அவர் கூறியதையே விஞ்ஞானமும் கூறுகின்றது. அமெரிக்காவில் பிரிகாம் யங் பல்கலைக் கழகத்தார் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், வெறுங்கால் போன்ற மெல்லிய காலணிக்குப் பத்து வாரத்தில் மாறிய 19 பேருள் 10 பேருடைய பாத எலும்புகளில் ஊறு மிகுந்திருந்தது. பழைய காலணியோடு ஓடிய 17 பேருள் ஒருவருக்கே அவ்வாறு கண்டது. தசை சில வாரங்களில் வலுப்பெறலாம். எலும்பு வலுப்பெற மாதங்கள் வேண்டும்.

மணலும் குற்றமற்றதன்று. அலை நனைத்த ஈரமணல் இறுகியிருப்பினும் கடலை நோக்கிச் சரிந்திருத்தலால், ஒரே திசையில் ஓடுவோர்க்கு ஒரு கால் மிகுதியாக வருந்தும். உலர்ந்த மணலில் ஓட, இறுகிய தரையினும் ஏறக்குறைய 1.6 மடங்கு ஆற்றல் செலவாகின்றது. 2017-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அரிச்சல்முனைத் தார்ச்சாலையோ நண்பகலிற் கொதிக்கும். மண்டபம், உச்சிப்புளி முதலிய இடங்களில் ஒற்றையடிப் பாதைகளின் இருமருங்கும் சீமைக்கருவேல் அடர்ந்துள்ளது. அதன் முள் தைத்தால் உள்ளே முறிந்து தங்கிச் சீழ்க்கொள்ளும். மன்னார் வளைகுடாவிற் கடற்பாசி எடுக்கும் பாம்பன் பக்கத்து மகளிர், பாறைகளுக்கு அஞ்சி விரல்களில் துணி சுற்றி, காலில் ரப்பர்ச் செருப்பு அணிந்தே நீரில் இறங்குகின்றனர். கடலை நன்கறிந்தாரே காலைக் காத்துக்கொள்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இவையெல்லாம் வலியால் அறியப்படும் பகைகள். வலியின்றி வரும் பகைகளும் உள. மலத்தால் அசுத்தமான ஈரமண்ணிற் கொக்கிப்புழுவின் நுண்புழுக்கள் பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிலே தங்கி இரத்தத்தைக் குறைக்கும். இரணஜன்னியின் கிருமி சிறு புண்வழியே நுழையும். நீரிழிவு முதிர்ந்தோர்க்கு உள்ளங்காலின் உணர்ச்சியே மங்கிவிடும். நண்பகலில் இராமேசுவர வீதிகளில் வெறுங்காலோடு நடக்கும் முதியோருள் இத்தகையோர் தம் கால் வெந்ததை அறியாது போதலும் கூடும். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணிபுரிந்த டாக்டர் பால் பிராண்டு, தொழுநோயாளரின் கைகால்கள் சிதைவது பெரும்பாலும் நோயால் நேரே அன்று, வலியறியாமையால் நேரும் காயங்களாலேயே என்று காட்டினார். அவர்க்கென மெத்தென்ற ரப்பர்ச் செருப்புகளும் செய்யப்பட்டன. உணர்ச்சியுள்ள காலே வெறுங்காலாக இருத்தற்கு உரியது என்னும் பாடம் இதனாற் பெறப்படும்.

செய்யத்தக்கன

வெறுங்காலோட விரும்பும் மாணவர், முதலில் சில நாட்கள் நடந்து பழகுக. பின்னர் வழக்கமான ஓட்டத்தின் இறுதியில் ஐந்து நிமிடம் மட்டும் வெறுங்காலோடு ஓடுக. வாரந்தோறும் சிறிது சிறிதாக மிகுத்துக்கொள்க. விடியலில் தூய ஈரமணலைத் தேர்ந்து, போகவும் வரவும் ஓடுக. ஓடியபின் கால்களைக் கழுவி, விரலிடைகளையும் உள்ளங்காலையும் உற்று நோக்குக. இரணஜன்னித் தடுப்பூசியை உரிய காலத்தில் இட்டுக்கொள்க. வலி மறுநாளும் நீங்காதாயின் ஓட்டத்தை நிறுத்துக. நீரிழிவுடையோர் இம்முயற்சியில் இறங்காதிருத்தலே நன்று.

முடிவுரை

இறுதியாக ஒன்று கூற விரும்புகின்றேன். எங்கள் கரையூர்களில் விரைந்தோடும் சிறுவர் பலர் உளர். அவருட் சிலர், காலணி இல்லாமையால் பந்தயத்திற் சேர நாணி ஒதுங்குவதை யான் கண்டிருக்கின்றேன். வெறுங்காலோடு ஓடுதலை உலகத் தடகள விதிகள் தடுக்கவில்லை என்பதை ஆசிரியர்கள் அவர்க்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். அதனோடு, அவருடைய வறுமையைப் பிகிலாவின் பெயரால் புகழ்ந்துவிட்டு, முட்காட்டில் அவரை வெறுங்காலோடு விடுதலும் அறமன்று. காலணியைக் கழற்றிவைத்து ஓடுபவன் வேறு. காலணியே இல்லாதவன் வேறு. முன்னவனுக்கு நாம் எச்சரிக்கை கூறுவோம். பின்னவனுக்கு ஒரு சோடி காலணி வாங்கிக் கொடுப்போம். கழற்றுவதும் அணிவதும் பின்னர் அவன் விருப்பமாகுக.